மருமகளின் ரத்தம்

கர்ப்பகாலப் பரிசோதனையில் ஷாலுவின் ரத்தத்தில் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருப்பதாக வந்ததிலிருந்து மாமியார் லீலாபாய்க்கு வாய் ஓயவில்லை. தம்பானூரில் டாக்டரின் அறையில்கூட அடங்கவில்லை.

"இவ எங்கேயோ போய் வாங்கீற்று வந்திருக்கா டாக்டரே. எனக்க மோன் அப்படிப்பட்டவன் இல்ல."

ஷாலு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் சுபினைத் தவிர வேறொருவனை அவள் அறியாள்.

"ஊசி போட்டா குணமாயிரும். பிள்ளையையும் காப்பாத்தலாம்," என்றார் டாக்டர். "புருஷனுக்கும் பென்சிலின் போடணும்."

லீலாபாய் பதறிப்போனாள். "அய்யோ, அவனுக்கு அது வேண்டாம். கல்யாணத்துக்கு முன்ன இதே சீக்குக்கு அந்த ஊசியைப் போட்டு, மூச்சு முட்டிச் சாகக் கிடந்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

ஷாலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் என்னை அவனுக்குக் கெட்டி வச்சியளா?"