நகராத சைக்கிள்

"நகராத சைக்கிளை இன்னும் எவ்வளவு நேரம்டா மிதிப்பே?" என்றாள், மகன் வீட்டுக்கு வந்திருந்த அம்மா.

"மிதிச்சாத்தாம்மா போனுக்கு உயிர்." அவனுக்கு மூச்சு வாங்கியது. கரண்டே எட்டாத ஊர். விடாத மழையில் சோலார் பேனலும் கைவிட, போனுக்குச் சார்ஜ் ஏற்ற சைக்கிள் டைனமோதான் மிச்சம்.

"உன் பொண்டாட்டி அரட்டைக்கு நீ ஏன்டா வேர்த்துக் கொட்டணும்?"

மருமகள் திரும்பவில்லை. "பயப்படாதே. தலை தெரியுதா? அப்படியே கையில தாங்கிக்கோ" என்றாள் போனில்.

அம்மா போன் பக்கம் காதைக் கொடுத்தாள். வெள்ளம் பாலத்தை மூடியிருந்தது. நர்ஸான மருமகள், அக்கரையில் நடக்கும் பிரசவத்தைப் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனுக்குள் குழந்தை வீறிட்டது.

"பொறந்துடுச்சே! இறங்குடா."

"நஞ்சுக்கொடி விழணும்மா" என்றான்.

அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"நிறுத்தாதே, மிதி."