முழங்காலில் இருந்த சன்னம்

“இது ஆரின்ரை சன்னம் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ, அண்ணை.”

தவச்செல்வன் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, போன மாதம் சூரிச் ஆஸ்பத்திரியில் தன் முழங்காலிலிருந்து எடுத்த ஈயச் சன்னத்தைத் துப்பாக்கிக் கடை மேசையில் வைத்தான்.

சிவநேசனுக்கு ஓர்லிகோனில் ரயில் ஏறியதிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆரா நகரில் இறங்கியும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பின்னேரம் ரெஸ்ரோறன்டிலை எனக்கு வேலை. ஆமி சுட்டது எண்டு ஊருக்கே தெரியும். பிறகென்ன விசாரணை?”

“ஊரிலை வெடி பட்ட அண்டு என்னைச் சைக்கிளிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்கு உழக்கினது நீங்கள். இஞ்சை கூப்பிட்டு அறை தந்ததும் நீங்கள். இந்த ஒண்டையும் செய்யுங்கோ. எனக்கு இந்த டொச் பாஷை விளங்காது. ஆர் சுட்டது எண்டு அறியாமல் நித்திரை வருதில்லை.”

வேட்டைத் துவக்கு விற்கும் கடைக்காரர் கேட்டது ஒன்றுக்கு ஒன்பது சொல்லும் ரகம். அதிலும் அது வேட்டைப் பருவம். தோட்டாக்களை வரிசையாக அடுக்கிவிட்டார்.

“மானுக்கு இது. உள்ளே போனதும் நுனி காளான் மாதிரி விரியும், மான் துடிக்காமல் விழும். நரிக்கு இது. விரியாது, சின்னத் துளைதான், தோல் பழுதாகாது. ராணுவத்துக் குண்டும் விரியாது, முழுக்க உலோக உறை போட்டிருக்கும்.”

பிறகு ஈயக்கட்டியைப் பூதக்கண்ணாடியில் புரட்டிப் பார்த்தார்.

“இதற்கு உறையே இல்லை. ரைபிள் குழாயின் வரிகளும் இல்லை. காட்டுப்பன்றி மாதிரிப் பெரிய மிருகத்துக்காக யாரோ வீட்டில் உருக்கி வார்த்தது. நிச்சயமாக ராணுவத்துடையது அல்ல.”

சிவநேசன் மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தான்.

“என்னவாம் அண்ணை?”

“ஆமிக்காரன்ரைதானாம்.”

“வடிவாக் கேட்டியளோ? வேறை ஆரின்ரையுமா இருக்காதோ?”

“அதுதான் சொல்லுறனே! எழும்பு, போவம்.”

தவச்செல்வன் ஊன்றுகோலை எடுத்து ஊன்றினான். பிறகு சன்னத்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் சிவநேசனுக்கு மூச்சு வந்தது. “இனியாவது நிம்மதியாப் படு,” என்று அவன் தோளில் தட்டினான்.

தவச்செல்வன் அந்தக் கையைப் பிடித்து, சன்னத்தை உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“பன்றிக்கு எண்டு நீங்கள் வயலிலை கம்பி இழுத்துக் கட்டி வைச்ச துவக்குத்தான் வெடிச்சது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. இண்டைக்காவது உங்கடை வாயாலை சொல்லுவியள் எண்டுதான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனான்.”