மூன்றாவது ஷாட்டில் ஒரு சிரிப்பு

'சிரிக்கிறது. அய்யோ, அந்த முகம் நிஜமாகவே சிரிக்கிறது!'

வெட்டி ஒட்டியவளே அவள்தான். ஆனாலும் பெரிய திரையில் பார்த்தபோது ஃபஹீமாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

சேலையூர்க் கல்லூரி ஒன்றின் எடிட்டிங் லேப். ரஷ்ய சினிமா பாடத்துக்கான பயிற்சி. எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் முகம். அந்த ஒரே ஷாட்டை மூன்று முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் வரும் ஷாட் மட்டும் வேறு.

ஃபஹீமா முதலில் ஆவி பறக்கும் பிரியாணியை ஒட்டியிருந்தாள். அந்தப் பெண்மணியின் முகத்தில் பசி தெரிந்தது. அடுத்து, பூட்டிக் கிடக்கும் வீடு. அதே முகம் கலங்கியது. மூன்றாவது, தவழ்ந்து வரும் குழந்தை. அதே முகம் சிரித்தது!

ஷாட்டில் இல்லாத சிரிப்பு. இரண்டு ஷாட்டும் சேருகிற இடத்தில் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் இப்படித்தான் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்குமோ?

சத்தியநாதன் சார் விளக்கைப் போட்டார். மழை என்பதால் அவளை அழைத்துப்போக வந்த அத்தா அயூப், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். படம் நின்ற பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபஹீமா, ஒரே ஷாட்டை யூஸ் பண்ணச் சொன்னேன். நீ மூணு டேக் எடுத்து நடிக்க வச்சிருக்க."

"இல்ல சார், ஒரே ஷாட்தான்!"

"யாருகிட்ட கதை வுடுற?" என்றான் ஆல்வின். "கொழந்தையப் பார்த்ததும் அந்தம்மாவுக்குக் கண்ணே சிரிக்குது. நாங்கல்லாம் இன்னா குருடா?"

வகுப்பே அவன் பக்கம் நின்றது. அவர்கள் நம்ப மறுக்க மறுக்க, அவளுக்குள் பூரிப்பு பொங்கியது.

"சரி, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிக் காட்டு," என்றார் சார். "ஒரே ஷாட்டா இருந்தா எடிட்டிங் பேட்ச்ல கடைசி சீட் உனக்கு. இல்லேன்னா ஆல்வினுக்கு."

முதல் வருஷத்திலிருந்து அவள் கனவு கண்ட சீட். மௌஸைப் பிடித்தாள். ஒரு க்ளிக்தான் பாக்கி.

தோளில் ஒரு கை விழுந்தது. அத்தா. சார் பேசிய எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் காதருகே குனிந்தார்.

"பாப்பா, உங்கம்மா சிரிச்சாளே! அந்த நடுக்க நோய் வந்ததுலேர்ந்து அவ மூஞ்சி அசைஞ்சே நான் பார்த்ததில்லையே... நான் கடைக்குப் போனப்புறம் சிரிக்கிறாளா?"

ஃபஹீமா மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓட்ட வேணாம் சார்," என்றாள் மெல்ல. "மூணும் வேற வேற டேக்தான்."