ஓட்டை சின்னதாகிறது

“ஓட்டை சின்னதாயிட்டு வருது” என்றார் டாக்டர்.

அவன் சிரித்துவிட்டான்.

திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அங்கே அந்தக் குட்டி இதயம் சாம்பல் நிறத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வயிற்றில் தடவிய பசை இன்னும் காயவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை.

படுத்திருந்த அவளுக்கு இரண்டு முகமும் தெரிந்தன. யாரோ ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது டாக்டராக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் மாதத்து ஸ்கேனில்தான் முதலில் சொன்னார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக முளைத்துவிட்டன. நடுச்சுவரில் ஓட்டையும் இருக்கிறது.

குழாய் சமாசாரம் அவனுக்குப் பிடிபடவில்லை.

ஓட்டை பிடிபட்டது. பக்கத்து வீட்டு இந்திராணி மகனுக்கும் இதயத்தில் ஓட்டைதான். தானாக அடைந்துவிட்டது. இப்போது அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறான்.

அன்றைக்கே இவன் மாரியாத்தா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தான். ஓட்டை அடைகிற வரைக்கும் காலில் செருப்பில்லை.

சித்திரை வெயிலில் மில் வேனை வெறுங்காலோடு ஓட்டினான். ஏறி இறங்கும் பெண்கள், சாமியார் வண்டி வந்திருச்சு, உண்டியலை எங்கேண்ணா வெச்சிருக்கீங்க என்று கேலி செய்வார்களாம். அதை வீட்டில் வந்து அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கால் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவுவான்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தடுக்கவும் இல்லை. சுமப்பது அவள். அவனும் பாவம், வேறு எதைத்தான் செய்வான்?

டாக்டர் ஒரு தாளை இழுத்து இரண்டு வட்டம் போட்டார்.

ஒன்றையொன்று தொடாத வட்டங்கள். உடம்புக்குப் போன ரத்தம் மறுபடி உடம்புக்கே போகிறது. நுரையீரலுக்குப் போனது நுரையீரலுக்கே. வயிற்றுக்குள் இருக்கும்வரை கவலையில்லை, அம்மாவின் ரத்தம் பார்த்துக்கொள்ளும். வெளியே வந்தபிறகு நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் எங்காவது கலந்தாக வேண்டும்.

இரண்டு வட்டத்துக்கும் நடுவில் பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

“இது அடையக் கூடாதுங்க. இது வழியாத்தான் உங்க குழந்தை பொழைக்கணும்.”

எல்லாக் குழந்தைக்கும் கருவில் இருக்கிற வழிதான் அது என்றார். பிறந்தபிறகு மூடிக்கொள்ளும், மூடவும் வேண்டும். இந்தக் குழந்தைக்கு மட்டும், ஆபரேஷன் செய்து குழாய்களை மாற்றி வைக்கிற வரைக்கும், மூடவே கூடாது. பிரசவம் இந்த ஊரில் வேண்டாம், கோயமுத்தூருக்குப் போய்விடுங்கள் என்றார். பிறந்த கையோடு உள்ளே டியூப் விட்டு ஓட்டையைப் பெரிதாக்கியாக வேண்டும். அதற்கு முன்னால் அடைந்துபோனால் கஷ்டம்.

அந்தத் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். குழந்தையின் படமென்று அவளிடம் இன்றைக்கும் இருப்பது அது ஒன்றுதான்.

அவன் கை இன்னும் கும்பிட்டபடியே இருந்தது. அதை அவனே அப்போதுதான் பார்த்தான் போல. மெதுவாகப் பிரித்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டான்.

இருவரும் வெளியே வந்தார்கள்.

அவன் வாசல் படியில் நிழல் முடிகிற இடத்தில் நின்றான். அதற்கப்பால் தார் போட்ட முற்றம் வெயிலில் மினுங்கியது.

“நாந்தான் கேட்டேன்” என்றான். “தெனமும் கேட்டேன்.”

நீங்கள் கேட்டு எதுவும் அடையாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

வரவில்லை.

எந்த நாளிலும் அவளுக்கு எளிதாக வரக்கூடிய வார்த்தைதான். ஆனால் ஓட்டை சின்னதாகிக்கொண்டுதானே இருக்கிறது.

அவன் அடுத்த அடி எடுத்துவைக்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். வேண்டுதலைப் பாதியில் விட்டால் பிள்ளையைத்தான் தாக்கும் என்பார்கள். விடாமல் போனால் கேட்டது கிடைத்துவிடும்.

வெறுங்காலோடு இறங்கவும் பயம். இறங்காமல் இருக்கவும் பயம்.

உள்ளே குழந்தை ஒருமுறை புரண்டது. அதற்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

அவள் காலில் இருந்தது அவனுடைய ரப்பர் செருப்பு. கால் வீங்கித் தன்னுடையது சேராமல் போனதிலிருந்து அதைத்தான் மாட்டிக்கொண்டு அலைந்தாள்.

கழற்றினாள். குனிய முடியாது. காலாலேயே அவன் பக்கம் தள்ளினாள்.

“போடுங்க.”

அவன் செருப்பைப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான். ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று முனகினான்.

“ஆத்தாகிட்ட நான் பேசிக்கறனுங்க.”

படியிறங்கினாள். தார் சுட்டது.

வேன் நிற்கிற இடம் வரைக்கும் மதிலோரமாக வேப்பமர நிழல் இருந்தது. அதிலேயே போயிருக்கலாம்.

அவள் வெயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.