நின்று நின்று ஓடிய வீடியோ

கோடு மறுபடியும் அடியிலேயே படுத்துக்கொண்டது.

லிம்பானி வீடியோவை ஓடவிட்டான். வேலை வந்ததும் பிராசசரின் வேகம் ஏற வேண்டும், வேகத்தைக் காட்டும் கோடும் கூடவே ஏற வேண்டும். ஏறவில்லை. திரையில் அவன் மனைவி லுசுங்கு வாயைத் திறந்தபடி நின்றுபோனாள்.

லிம்பே சந்தையில் டுமிசானியின் ரிப்பேர் கடை. தகரத்தின் மேல் மழை. டுமிசானி எதிரே ஒரு போனைப் பிரித்துவைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தான்.

டுமிசானி லுசுங்குவின் தம்பி. இந்த லேப்டாப்பில் இதற்கென்று செய்யப்படாத ஓஎஸ்ஸை ஏற்றிக் கொடுத்தவனும் அவன்தான். போஸ்டர் வரையும் மென்பொருள் அதில்தான் ஓடும் என்று லிம்பானி அப்போது பிடிவாதம் பிடித்தான். ஏற்றியது ஓடியது. பிராசசர் மட்டும் ஆக மெதுவான வேகத்தை விட்டு அசையவில்லை.

அந்த நாளில் அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

லுசுங்கு வடக்கே, ஏரிக்கரைப் பள்ளியில் டீச்சர். டுமிசானி அவ்வப்போது அங்கே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவான். பள்ளி விட்டதும் தன் போனில் வீடியோ எடுத்து அனுப்புவாள். லிம்பானியுடையது வெறும் பட்டன் போன். லேப்டாப்பில்தான் பார்ப்பான். பாதி வாக்கியத்தில் நிற்பாள், படம் ஒரு தாவு தாவும், பிறகு மிச்சத்தைச் சொல்வாள். நீ பேசுவதில் பாதியை என் மிஷின் தின்றுவிடுகிறது என்று எழுதுவான். நல்லதாய்ப் போயிற்று, திட்டுவதெல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது என்று பதில் வரும்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அவள் வகுப்பறையில் விழுந்தாள். இதயம் என்றார்கள். முன்பே தெரியாதா என்று அடக்கத்தன்று எல்லோரும் கேட்டார்கள். தெரியாது என்றான்.

மிச்சம் இருப்பவை அந்த வீடியோக்கள்.

கடைசியாக வந்ததை மட்டும்தான் அவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று அதில் ஆரம்பிக்கிறாள். நின்றுபோகிறாள். படம் தாவுகிறது. தாவி வந்து நிற்கும்போது வேறு பேச்சில் இருக்கிறாள்.

அந்த இடைவெளியில் என்ன சொன்னாள்? சொற்கள் வீடியோவுக்குள்தான் இருக்கின்றன, மிஷின்தான் விழுங்குகிறது என்று லிம்பானி நம்பினான். வேறு மிஷினில் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. இந்தச் சந்தையில் ஒரு மிஷினுக்குள் போனது நாலு பேர் போனுக்குப் போய்விடும்.

வேகத்தைச் சரிசெய்து கொடு என்று கேட்கும்போதெல்லாம் டுமிசானி ஒரே பதிலைச் சொன்னான். ஆதரவில்லாத ஓஎஸ், இப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள் மச்சான்.

இன்று லிம்பானி தானே படித்துவிட்டு வந்திருந்தான். ஓஎஸ் இந்த லேப்டாப்பை வேறொரு மாடல் என்று நினைத்துக்கொள்கிறது. அந்த மாடலின் வேக அட்டவணையை வைத்து இதை நடத்துகிறது. மாடல் பெயரை மாற்றினால் போதும். மாற்றினான். அணைத்துப் போட்டான். கோடு அடியிலேயே கிடந்தது. வேறு பெயர் கொடுத்தான். அட்டவணையை மாற்றினான். அணைத்துப் போட்டான். லுசுங்கு அதே இடத்தில், அதே வாயோடு நின்றாள்.

லேப்டாப்பை மூடினான்.

“எதிர்க் கடையில குடுத்துடறேன்.”

“அவன்கிட்டயா? ரேடியோவத் திறந்தாலே திரும்ப மூடத் தெரியாது அவனுக்கு.” டுமிசானி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. “விட்டுருங்களேன், மச்சான்.”

“அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்டா.”

டுமிசானி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தான். எங்கேயும் தேடவில்லை. நேராக ஒரு கோப்புக்குப் போனான், ஒரு வரியை அழித்தான், அணைத்துப் போட்டான்.

இவ்வளவுதானா என்று லிம்பானி கேட்க நினைத்தான். அதற்குள் விசிறி இரைந்தது. அந்தச் சத்தத்தை இந்த லேப்டாப்பில் அவன் கேட்டதே இல்லை.

வீடியோவை ஓடவிட்டான். கோடு விருட்டென்று மேலே ஏறியது.

லுசுங்கு தடங்கலே இல்லாமல் வந்தாள். கண் இமைப்பதும், காதருகே கொசுவை விரட்டுவதும் ஒன்றுகூடத் தப்பவில்லை. உயிரோடு இருப்பவர்கள் அப்படித்தான் அசைவார்கள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

நின்றாள்.

லிம்பானி கோட்டைப் பார்த்தான். உச்சியில் இருந்தது. படம் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னல் துணி காற்றில் உப்பித் தாழ்ந்தது. வாசலில் ஒரு கோழி நடந்து போயிற்று. அவள் மட்டும் வாயைத் திறந்தபடி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தோள்கள் ஏறி இறங்கின. ஏறி இறங்கின.

சொற்கள் எதுவும் இல்லை. மூச்சுதான்.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. தகரக் குவளையில் தண்ணீர். இத்தனை நாள் தாவிப்போன இடம் அது. லுசுங்கு வாங்கிக் குடித்தாள். கேமராவுக்கு மேலே, போனைப் பிடித்திருந்தவனைப் பார்த்து, வேண்டாம், சொல்லாதே என்பதுபோலத் தலையசைத்தாள்.

அந்தக் கையை லிம்பானிக்குத் தெரியும். இப்போது அது லேப்டாப்புக்குப் பக்கத்தில், விரல்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.