நாலாவது வரிக்குக் கீழே

“இந்த அறிவித்தலில் யார் இல்லை?”

செஜின் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது பாலேந்திராவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

கொரியாக்காரி. படம் கீறாத ஓவியக்காரி. ஆணை விரும்பிய ஆண், பெண்ணோடு வாழ்ந்த பெண் என்று குடும்பங்கள் மறைத்தவர்களைத் தேடிப்பிடித்துச் சுவரில் மாட்டுவதுதான் அவளுடைய கலையாம். அடுத்த மாதம் இங்கே, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் கண்காட்சி. அதற்குத் தமிழரின் மரண அறிவித்தல்கள் வேண்டுமாம்.

கேட்க நேரம் பார்த்தாளே! வன்னியில் யுத்தம் முடிந்து நாலு நாள். வருகிற தொலைபேசியெல்லாம் சாவுச் செய்தி. ஹோர்சன்ஸ் தமிழருக்கு அறிவித்தல் தட்டச்சுச் செய்து கொடுப்பவர் பாலேந்திரா ஒருவர்தான். இரண்டு மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். அதற்குள் வன்னியில் செத்துப்போன நவரத்தினத்தின் அறிவித்தலை ஸ்கீவ நகரில் இருக்கும் அவருடைய தமக்கைக்கு அனுப்பியாக வேண்டும்.

கணினித் திரையில் விரல் வைத்து டேனிஷில் வாசித்துக் காட்டினார். இன்னாரின் அன்பு மகன். இன்னாரின் பாசமிகு தம்பி. மைத்துனர். மாமா. ஒன்றுவிட்ட அண்ணனின் பிள்ளைகள்வரை போட்டாயிற்று. ஒரு பெயர் விடுபட்டால் ஏழு வருடத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள். இதில் யாரை விடுவது?

“அந்தாள் கலியாணம் கட்டேல்லைப் பிள்ளை. இனி ஆரைப் போடச் சொல்லுறாய்?”

நவரத்தினமும் பாலேந்திராவும் அகதி முகாமில் ஒரே அறை. பிறகு இதே வீட்டில் பதினொரு வருடம். துணைக்குத் துணை என்று சனம் சொன்னது. சமாதான காலத்தில் பெண் பார்த்திருப்பதாகத் தாய் கூப்பிட்டார். வன்னிக்குப் போன நவரத்தினம் கட்டவுமில்லை. பாதை பூட்டியதில் திரும்பி வரவுமில்லை.

செஜினுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். நாலாவது வரிக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெறுமையாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினாள்.

தவறுதலாக விழுந்த இடைவெளி, அழித்தால் போயிற்று என்று சிடுசிடுத்தபடி அழிக்கும் விசையில் விரலை வைத்தார்.

விடியற்காலையிலிருந்து அந்த வரியில் தன் பெயரை ஆறு தடவை தட்டி, ஆறு தடவையும் அழித்த விரல். இப்போது அழுந்த மறுத்தது.

“விடு பிள்ளை. அப்பிடியே கிடக்கட்டும்.”

இடைவெளியோடேயே ஸ்கீவவுக்கு அனுப்பினார். தமக்கை கேட்பார். கேட்கட்டும்.