பிரசவமாகி இருபதாம் நாள்

டாக்டர் எழில்மதி அந்தப் பெண்ணின் இடது மார்புக்குக் கீழே ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை அழுத்தி வைத்தாள்.

சின்னத் திரையில் இதயம் தெரிந்தது.

இறுகி விரிய வேண்டிய இதயம், ஈரத் துணிப்பை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அசைவு பேருக்குத்தான் இருந்தது.

சின்னப்பொண்ணுவுக்கு இருபத்திரண்டு வயது. முதல் பிரசவம் முடிந்து இன்றோடு இருபது நாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வந்திருந்தாள்.

பிள்ளை பெற்ற சிலருக்கு இதயம் இப்படித் தளர்ந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அது இறங்க ஊசி போட்டார்கள். ஆக்சிஜனைக் கூட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் திரையில் அசைவு நின்றுவிட்டது.

எழில்மதி கட்டிலின் மேல் ஏறி, நெஞ்சில் கை வைத்து அழுத்தினாள். அழுத்த அழுத்த, பால் கசிந்து ரவிக்கை நனைந்தது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்கேனை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். நாற்பது நிமிடம்.

வாசலில் சின்னப்பொண்ணுவின் கணவன் வெற்றிவேல் குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றான். எழில்மதி சொன்னதைக் கேட்டுக்கொண்டான். அழவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"நாலு நாளு முன்ன இங்கதாங்க இட்டாந்தேன். நெஞ்சுல கைகூட வெக்காம, கேஸ் டிரபுள்னு சொல்லி மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. நீங்களாச்சும் மிஷினு வெச்சுப் பாத்தீங்க, நல்லா இருப்பீங்க. இதுல போட்டிருக்கிற கையெழுத்து யாருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவள் சீட்டைப் பிரித்தாள்.

நாலு நாளுக்கு முன், அன்று காலை வரிசையில் எழுபது பேர் நின்றார்கள். ஸ்கேன் கருவி அவள் மேசைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. நாள் முழுக்க அவள் முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

குழந்தை சிணுங்கியது. வெற்றிவேல் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புரியலைங்க" என்றாள் எழில்மதி. "கிறுக்கலா இருக்கு."